குழந்தை வாயில் வைக்கும் சரக்கு: பொம்மை விற்கும் நம் கடைகள் கவனிக்க வேண்டியவை



அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று விற்கும் நம் கடைகளில் பொம்மைக்கென்று தனி அலமாரி கிடையாது. ஆனாலும் பொம்மை இல்லாத கடையும் கிடையாது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும், வடக்கே காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரையிலும் எந்தக் கடை வாசலில் நின்று பார்த்தாலும் ஒரு சரம் கிலுகிலுப்பை, அட்டையில் குத்திய கார், வலைப்பையில் பந்து என்று ஏதாவது தொங்கிக்கொண்டுதான் இருக்கும். மாசிப் பெருவிழாவுக்குத் திருவொற்றியூர் தேரடியில் கூட்டம் கூடும்போது இந்தச் சரக்கு இன்னும் வேகமாக ஓடும்.

மளிகையில் பூச்சி இருந்தால் வாடிக்கையாளர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து கொட்டிவிடுவார். பொம்மையில் குறை இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. வாங்குபவர் தாய், பயன்படுத்துவது பேசத் தெரியாத குழந்தை. அதுவும் அந்தக் குழந்தை பொம்மையைக் கையால் ஆடுவதைவிட வாயால் ஆடுவதுதான் அதிகம். ஆகவே, ஒரு வயதுக் குழந்தைக்கு நாம் விற்கும் பொம்மையைத் தின்பண்டத்துக்குச் சமமாக எண்ணிப் பார்ப்பதே நியாயம்.

ஏன் இவ்வளவு கவலை?

நம் பகுதி துறைமுகப் பகுதி. பர்மா பஜாரிலும் காசி செட்டித் தெருவிலும் வெளிநாட்டுச் சரக்கு வாங்கிப் பழகியவர்கள் நாம். விலை மலிவு, பார்வைக்குப் பளபளப்பு, லாபமும் உண்டு. ஆனால் 2019ல் இந்தியத் தர கவுன்சில் 121 ரகப் பொம்மைகளைச் சந்தையிலிருந்து எடுத்துச் சோதித்தபோது, இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. மூன்றில் இரண்டு பங்கு!

உள்நாடு, வெளிநாடு என்பதல்ல பிரச்னை. பெயர் பெற்ற கம்பெனிக்கும் சறுக்கல் உண்டு. 2007ல் மேட்டல் என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் பெயின்ட்டில் ஈயம் இருந்த காரணத்தால் பல லட்சம் பொம்மைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. பெயர் தெரிந்த கம்பெனி என்பதால் திரும்பப் பெற முடிந்தது. அட்டையில் பெயரே இல்லாத சரக்கை யார் திரும்பப் பெறுவார்?

ஈயம் என்பது குழந்தையின் மூளையைத் தாக்கும் விஷம். இதில் சென்னைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வு 2009ல் வெளியானது. சராசரி ஈய அளவு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அமெரிக்க அரசு 2021 முதல் கவனிக்க வேண்டிய அளவாக வைத்திருப்பது 3.5. அளவு கூடியிருந்த குழந்தைகளிடம் கவனச் சிதறலும் பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. ஈயம் உடம்பில் சேரும் வழிகள் பல. பழைய பெயின்ட், பேட்டரி உருக்கும் தொழில், தெருத் தூசி எல்லாம் உண்டு. அவற்றையெல்லாம் நாம் தடுக்க முடியாது. நம் கல்லாவைத் தாண்டிப் போகும் ஒரு வழியையாவது நம்மால் அடைக்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020ல் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873 என்றும், மின்சாரத்தில் அல்லது பேட்டரியில் ஓடுவதற்கு ஐ.எஸ். 15644 என்றும் எண் இருக்கும். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் செய்த பொம்மைக்கும் இதே விதிதான்.

"லைசென்ஸ் எடுக்க வேண்டியவர் தயாரிப்பாளர்தானே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். சட்டம் அப்படி நம்மை விட்டுவிடவில்லை. 2016ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயச் சட்டம், முத்திரையில்லாச் சரக்கை விற்பதோடு நிற்காமல், சேமித்து வைப்பதையும் விற்பனைக்குத் தொங்கவிடுவதையும் குற்றம் என்கிறது. அச்சட்டம் வகுத்த தண்டனை, முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். 20 ரூபாய்ப் பொம்மைக்காக 2 லட்சம் என்றால் எந்தக் கணக்குக்கும் ஒத்துவராது. 2023 ஜனவரியில் நாடெங்கும் பெரிய பெரிய பொம்மைக் கடைகளிலேயே அதிகாரிகள் புகுந்து சுமார் 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்தார்கள். பெரிய கடைக்கு வந்தது சின்னக் கடைக்கு வராது என்று சொல்வதற்கில்லை.

இன்னொன்று, பில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளால் ஏற்படும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று வகுத்திருக்கிறது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால், விற்ற கடைக்காரரே பொறுப்பேற்க வேண்டி வரும். கொள்முதல் பில்லும் அட்டையில் தயாரிப்பாளர் முகவரியும்தான் நமக்குக் கவசம். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கும் சரக்கு அந்தக் கவசம் இல்லாத சரக்கு.

எந்த வயதுக்கு எது?

"அண்ணாச்சி, ஒரு வயசுப் புள்ளைக்கு எதனா பொம்மை குடுங்க" என்று கேட்டு வருபவர்களே அதிகம். எதையாவது எடுத்துக் கொடுக்காமல் வயதறிந்து கொடுத்தால், குழந்தைக்கும் நல்லது, அந்தத் தாய் அடுத்த முறையும் நம் கடைக்கே வருவார்.

பிறந்தது முதல் மூன்று மாதம்: இந்த வயதில் குழந்தைக்கு முகத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். கறுப்பு வெள்ளை, சிவப்பு போன்ற அழுத்தமான நிறங்கள் கண்ணை இழுக்கும். மெல்லிய ஒலி தரும் கிலுகிலுப்பை போதும். காதைப் பிளக்கும் ஒலி வேண்டாம்.

நான்கு முதல் எட்டு மாதம்: கை நீட்டிப் பிடிக்கும், பிடித்ததை வாய்க்குக் கொண்டுபோகும். கழுவக்கூடிய துணிப் பந்து, கூர்முனை இல்லாத பெரிய வளையம், ஒரே துண்டாகச் செய்த கிலுகிலுப்பை ஆகியவை பொருந்தும். ஓரத்தில் ஒட்டிய கிலுகிலுப்பை கீழே விழுந்தால் இரண்டாகப் பிளந்து உள்ளே இருக்கும் மணிகள் சிதறும். அது இந்த வயதுக்கு ஆகாது.

ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயது: கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையும் கிள்ளி எடுக்கும் பருவம். மறைத்து வைத்த பொருளைத் தேடும் அறிவும் வந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், வளையம் கோக்கும் தண்டு, மூடித் திறக்கும் டப்பா இவையெல்லாம் அருமையான பொம்மைகள். நிற்கப் பழகிய குழந்தைக்கு நம் மர நடைவண்டியைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் குழந்தையை நடுவில் உட்கார வைத்து உருளும் பிளாஸ்டிக் வாக்கரை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த வாக்கர் நடையைக் கற்றுத் தருவதில்லை. படியிலும் அடுப்படியிலும் விபத்துக்கு வழி செய்கிறது என்பதால் கனடா நாடு 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

ஒன்றரை முதல் மூன்று வயது: அடுக்கும் கட்டைகள், இழுத்துச் செல்லும் வண்டி, பெரிய துண்டுகள் கொண்ட படப் புதிர், சொப்புச் சாமான். சொப்பு வைத்துச் சமைக்கும் குழந்தை பேச்சும் கற்கிறது, கணக்கும் கற்கிறது. 'உனக்கு ரெண்டு இட்லி' என்று வைக்கும்போதே எண்ணிக்கை வந்துவிடுகிறது அல்லவா?

கடையிலேயே செய்யும் சோதனை

லேபரட்டரி சோதனைக்கு நம்மிடம் வசதி இல்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

ஒன்று, அளவு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் எது சிக்கும் என்பதற்கு ஓர் உருளை அளவு வைத்திருக்கிறார்கள். உள் அகலம் 31.7 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம். அந்த அகலமுள்ள குழாய்த் துண்டு ஒன்றை இரண்டேகால் அங்குல நீளத்துக்கு நறுக்கிக் கல்லாவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொம்மையோ, கழன்று வரும் அதன் சக்கரமோ கண்ணோ அதற்குள் முழுதாக அடங்கினால், அது மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கத் தகாது. பந்துக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. ஒன்றேமுக்கால் அங்குல ஓட்டையில் நுழையும் பந்து எதுவும் அந்த வயதுக்கு வேண்டாம். கோலிக்குண்டும் சின்ன ரப்பர் பந்தும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

இரண்டு, இழுப்பு. சக்கரம், கண், மூக்கு, பொத்தான் ஆகியவற்றை அழுத்திப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நமக்குக் கழன்று வருவது குழந்தையின் பல்லுக்கும் வரும்.

மூன்று, கயிறு. ஒரு சாணுக்கு மேல் நீளமான கயிறு கைக்குழந்தைப் பொம்மையில் இருந்தால் கழுத்தைச் சுற்றும் அபாயம் உண்டு.

நான்கு, பேட்டரி. பட்டன் பேட்டரி போட்ட பொம்மையில் மூடி திருகாணியால் மூடியிருக்க வேண்டும். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். அப்படி நேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சிறு காந்தங்களும் இதுபோலத்தான். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

ஐந்து, சாயம். ஈரத்துணியால் தேய்த்தால் ஒட்டும் சாயம், நகத்தால் சுரண்டினால் உரியும் பெயின்ட், மூக்கைத் துளைக்கும் வாடை இவை இருந்தால் விலக்குங்கள். ஆனால் சாயம் ஒட்டவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதற்குத்தான் முத்திரை. பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் லைசென்ஸ் எண்ணைத் தட்டினால் அது உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

பலூனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் தொண்டையை அடைத்துக்கொண்டால் எடுப்பது கடினம். சின்னக் குழந்தைகள் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்துக் கைவேலை

முத்திரை விதியில் கைவினைஞர்களுக்கு விலக்கு இருக்கிறது. மத்திய கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை உரிமம் பெற்றவர்கள் செய்து விற்பதற்கும் அந்த விலக்கு பொருந்தும். கர்நாடகத்தின் சென்னப்பட்டணம், ஆந்திரத்தின் ஏட்டிக்கொப்பாக்கா பொம்மைகள் இந்த வகை. வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்கில் சாயம் ஏற்றுவது அவர்கள் வழக்கம். நம் அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்பும் வழிவழியாக வரும் வேலைப்பாடு. விலக்கு எல்லா மரப் பொம்மைக்கும் பொதுவானதல்ல என்பதால், வாங்கும்போதே பதிவுச் சான்றின் நகலையும் பில்லையும் கேட்டு வாங்கி வையுங்கள். மரப்பொம்மைக்கும் அளவுச் சோதனை, இழுப்புச் சோதனை உண்டு. கைவேலை என்பதால் தொண்டையில் சிக்காமல் இருக்காது.

லாபக் கணக்கு

முத்திரைப் பொம்மை விலை கூடுதல், நம் பகுதியில் போகாது என்பார்கள். காலம் மாறியிருக்கிறது. பொம்மைக்கான சுங்க வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2014-15ல் 33 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2022-23ல் 16 கோடி டாலருக்கும் கீழே வந்தது. உள்நாட்டுச் சரக்கு பல ரகங்களில் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பேட்டரியில்லாச் சாதாரணப் பொம்மைக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. முறையான பில்லில் வாங்குவதற்கு இருந்த தயக்கம் இதனால் பாதி குறைய வேண்டும்.

நாற்பது ரகம் தொங்கவிட்டு நான்கு மாதம் தூசி தட்டுவதைவிட, வயதுக்கு இரண்டு ரகம் என்று எட்டு ரகம் வைத்துப் பாருங்கள். முதலும் குறைவு, தேக்கமும் குறைவு. ஹோல்சேல் கடையில் சரக்கு எடுக்கும்போது முதலில் விலையைக் கேட்காமல் "முத்திரை எங்கே? பில் உண்டா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் மொத்த வியாபாரி கொண்டுவந்தே ஆக வேண்டும். பாக்கி இருக்கும் முத்திரையில்லாச் சரக்கை விலை குறைத்துத் தள்ளிவிடும் எண்ணம் வேண்டாம். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த நஷ்டத்தை ஒரு முறை ஏற்றுக்கொள்வதே மேல்.

நம் வாடிக்கையாளர்கள் யார்? துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர், கண்டெய்னர் லாரி ஓட்டுபவர், மீன்பிடிக்கப் போகிறவர், ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர். சம்பளம் வாங்கிய அன்று குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கிப் போக நம் கடையில்தான் நிற்கிறார்கள். முத்திரையைப் பற்றியும் ஈயத்தைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம். நாள் கணக்கில் கடன் கொடுத்தும் முகம் பார்த்துப் பேசியும் நாம் சேர்த்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கைக்கு ஏற்ற சரக்கையே தொங்கவிடுவோம்.