குமரிக்கடலில் ஒரே நாளில் முற்றும் புயல்

2017 நவம்பர் 29-ம் தேதி முற்பகலில் இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டி ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. அப்போது அதற்குப் பெயர் கிடையாது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அதுவே கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் ‘ஒக்கி’ என்ற பெயரோடு புயலாக நின்றது. இடையில் கழிந்தது ஒரு பகலும் ஓர் இரவும்தான். டிசம்பர் 1-ம் தேதி காலை மழைமானியை அளந்தபோது பாபநாசத்தில் 45 சென்டிமீட்டரும், மணிமுத்தாறில் 38 சென்டிமீட்டரும் பதிவாகியிருந்தன.

இந்தப் புயல் தமிழ்நாட்டுக் கரையைக் கடக்கவே இல்லை. குமரிமுனைக்குத் தெற்காகவே போய், லட்சத்தீவுப் பக்கம் கடும் புயலாக முற்றி, பிறகு வடக்கே திரும்பி வலுவிழந்து, ஒரு வாரத்துக்குள் தெற்கு குஜராத் கரையில் வெறும் தாழ்வுப் பகுதியாக அடங்கியது. புயல் என்றதும் “எங்கே கரையைக் கடக்கும்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், பத்தமடைப் பக்கத்து விவசாயிகளுக்கு அந்தக் கேள்வி பாதிதான் உதவும்.

மழை மலையில், வெள்ளம் வயலில்

நம் பக்கத்துக் கடல்களில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மையம் குமரிக்குத் தெற்கே இருந்தால், அதன் வடபுறத்தில் காற்று கிழக்கேயிருந்து மேற்கே வீசும். மன்னார் வளைகுடாவின் ஈரத்தை எல்லாம் வாரிக்கொண்டு வரும் அந்தக் காற்றைப் பொதிகை மலை தடுக்கிறது. மேலே ஏறிக் குளிர்ந்து, அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. மாஞ்சோலை, கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்களில் மழைமானி நிரம்பி வழிவது இதனால்தான்.

45 சென்டிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கர் நிலத்தில் சுமார் 18 லட்சம் லிட்டர் தண்ணீர். மலைச்சரிவில் விழுந்த தண்ணீர் எல்லாம் காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளுக்குத்தான் வந்தாக வேண்டும். அணையில் இடம் இருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் ஆற்றுப் படுகைக்கு வந்துவிடும். சேரன்மகாதேவியில் மழை விட்டு வானம் வெளுத்திருக்கும்போதுகூட ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கலாம்.

1992 நவம்பர் 13-ம் தேதி தூத்துக்குடி அருகே கரையைக் கடந்த புயலில் கக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தாமிரபரணி அன்று செய்த சேதத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலோ புயலே கிடையாது. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லையும் ஸ்ரீவைகுண்டமும் வெள்ளத்தில் மிதந்தன. ஆகவே பெயர் வைத்த புயல் வந்தால்தான் ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது.

ஏன் இவ்வளவு வேகம்?

நெல் அவிக்கும் அண்டாவை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதில் புரியும். கடலின் மேல்நீர் 26 அல்லது 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும்போது அதிலிருந்து நீராவி ஓயாமல் எழுகிறது. மேலே போய் அது மேகமாக மாறும்போது, தன்னிடம் உள்ள வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. அந்த வெப்பத்தால் காற்று மேலும் உயரே எழும்; கீழே அழுத்தம் குறையும்; சுற்றிலும் உள்ள ஈரக்காற்று அந்த இடத்தை நோக்கி ஓடி வரும். அடுப்பு எரிய எரிய அண்டா கொதிப்பது போலத்தான்.

கொதிப்பைக் கெடுப்பது மேல்காற்று. கடல்மட்டத்தில் ஒரு திசையிலும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வேறொரு திசையிலும் காற்று பலமாக வீசினால், எழும் நீராவி கலைந்து போகும். புயல் தலைதூக்காது. அந்தத் தடை இல்லாமல் கடலும் சூடாக இருந்துவிட்டால் சில மணி நேரத்தில் அது முற்றிவிடும். 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் அளவுக்குக் கூடினால் அதை ‘வேகமாக வலுப்பெறுதல்’ என்று வானிலை நிபுணர்கள் கணக்கிடுகிறார்கள்.

இது நம் கடலுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. 2023 அக்டோபரில் மெக்சிகோ நாட்டின் அகபுல்கோ நகரைத் தாக்கிய ‘ஓட்டிஸ்’ ஒரு நாளுக்குள் சாதாரணப் புயலிலிருந்து மிக உயர்ந்த ஐந்தாம் வகைக்கு ஏறியது. கணினிகள் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. மேற்கே அந்நாட்டுக் கடல்களில் புயலுக்குள் விமானத்தை ஓட்டிச் சென்று அளக்கும் வசதிகூட உண்டு. அப்படி இருந்தும் ஏமாற்றிவிட்டது.

புயலைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை செயற்கைக்கோள் படம், ராடார், கடலில் மிதக்கும் மிதவைக் கருவிகள் ஆகியவற்றை வைத்துக் கணிக்கிறது. அதிகாரபூர்வமான எச்சரிக்கை அதனுடையதே. அதோடு, சம்பளம் இல்லாமல் ஆர்வத்தால் மட்டும் இந்தப் படங்களை இரவு பகலாகப் பார்ப்பவர்களும் இப்போது உண்டு. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் அவர்களில் பலரும் அறிந்தவர். இவர்கள் மேகத்தின் சுருள் இறுகுகிறதா, மையம் தெளிகிறதா என்று படம் படமாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் கணினிக் கணிப்புகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று சொல்கிறார்கள். மாஞ்சோலையில் எவ்வளவு, ஊத்தில் எவ்வளவு என்ற மழை அளவும் அவர்கள் வழியாக உடனுக்குடன் பரவுகிறது. ஆற்றங்கரை விவசாயிக்கு உண்மையில் பயன்படுவது இந்தக் கடைசிச் செய்திதான்.

ஆனால் எவ்வளவு விழிப்பாகப் பார்த்தாலும் செய்தி போய்ச் சேரவும் நேரம் வேண்டும். ஒக்கி புயலாக மாறியபோது ஆழ்கடலுக்குப் போன படகுகள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தன. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. நிலத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கும் அந்த ஒரு பகலும் கடலில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நள்ளிரவில் கைபேசியில் வரும் “அணை உடைந்துவிட்டது” போன்ற செய்திகளை ஆர்வலர்களின் கணிப்போடு சேர்க்கக் கூடாது. அதை எழுதியவர் யார், எந்த ஆண்டுப் படம் என்று பாராமல் அடுத்தவருக்கு அனுப்புவது பெரிய தொல்லையாகிவிட்டது. அணை நிலவரத்தை வருவாய்த் துறை, நீர்வளத் துறை அறிவிப்பில் பார்த்துக்கொள்வதே சரி.

எந்தச் சொல்லுக்கு எழுந்திருப்பது?

காற்று மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது தாழ்வு மண்டலம். 50-ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-க்கு மேல் போனால்தான் புயல். பெயர் வைப்பதும் அப்போதுதான். வங்காள விரிகுடாவின் நடுவில் உருவாகிச் சென்னைக்கோ ஆந்திரத்துக்கோ போகும் புயலுக்கு நான்கைந்து நாள் அவகாசம் கிடைக்கும். இலங்கைக்குத் தெற்கிலோ குமரிக்கடலிலோ உருவாகிறதென்றால் அவ்வளவு நாள் கிடையாது. சேரன்மகாதேவியிலிருந்து குமரிமுனை நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டர்கூட இல்லை. எனவே நமக்கு ‘தாழ்வு மண்டலம்’ என்ற சொல்லே எச்சரிக்கை. ‘புயல்’ என்று ரேடியோ சொல்லும் வரை காத்திருந்தால் மழையில் நனைந்துகொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

அறிவிப்பில் மழையின் பெயரையும் கவனிக்க வேண்டும். கனமழை என்றால் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை. மிக கனமழை 12 முதல் 20 வரை. அதற்கு மேல் அதி கனமழை. மலைப்பகுதிக்கு அதி கனமழை என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால், தன் ஊரில் தூறல்கூட இல்லாவிட்டாலும் ஆற்றோரம் உள்ளவர்கள் மோட்டாரைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். படுகையில் கட்டியுள்ள ஆடு மாடுகளையும் பொழுதோடு ஓட்டி வந்துவிடுவது நல்லது.

நவம்பர் கடைசியில் பிசானம் நாற்றங்காலிலோ, நடவு முடிந்த இளம் பருவத்திலோ இருக்கும். அந்த ஒரு நாளில் செய்யக்கூடியது இதுதான்: யூரியா மேலுரம் போட எண்ணியிருந்தால் நிறுத்திவைக்க வேண்டும், போட்டால் ஆற்றுக்குத்தான் போகும். நாற்றுப் பறிக்கவும் கூடாது. வாய்க்கால் மடையை அடைத்துவிட்டு, வடிகாலில் மண்டிக் கிடக்கும் புல்லையும் செடியையும் வெட்டி வழி ஏற்படுத்த வேண்டும். வடிகால் பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதில்லை. மேல்வயல்காரரும் கீழ்வயல்காரரும் சேர்ந்து இறங்கினால்தான் தண்ணீர் நகரும்.

தார் தள்ளிய வாழைக்கு, குறிப்பாக உயரமாக வளரும் ஏத்தனுக்கு, இரண்டு கம்புகளைக் கத்தரிக்கோல் போலக் கட்டி முட்டுக் கொடுக்கலாம். காய்ந்த இலைகளையும் கீழ் இலைகளையும் கழித்துவிட்டால் காற்றுப் பிடிப்பது குறையும். அடியில் மண் அணைப்பது அவசியம். முக்கால் பங்கு முற்றிய தாரை வெட்டிவிடுவதே லாபம். சாய்ந்த பிறகு வெட்டினால் வியாபாரி சொன்னதுதான் விலை.

தண்ணீர் வடிந்த பிறகு பயிர் மஞ்சளாக நின்றால், ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். வேர் பிடித்துப் பயிர் பச்சை திரும்பிய பிறகு, நிறுத்திவைத்த மேலுரத்தைப் போடலாம்.