வயல் எலி வேட்டை: அன்றும் இன்றும்

மதுரை ஜில்லாவில் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நன்செய்களில் பூச்சிக்கும் நோய்க்கும் அடுத்தபடியாகக் குடியானவர் அஞ்சுவது எலிக்கேயாகும். 1895-ஆம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்டு, அதன் நீர் வைகையுடன் கூடிப் பேரணையிலிருந்து கால்வாய்களில் ஓடத் தொடங்கிய பின், நெல் விளையும் பரப்பு விரிந்தது. வரப்புகளும் வாய்க்காற்கரைகளும் அதனுடன் பெருகின. இரண்டு போகம் விளையும் இடங்களில் எலிக்கு ஆண்டின் பெரும்பகுதியும் தீனி குறைவதில்லை.

எலிகளின் இயல்பு

வயல்களில் சேதம் விளைப்பவற்றுள் முக்கியமானது கரம்பை எலி. புல் எலியும் சுண்டெலியும் நன்செய், புன்செய் இரண்டிலும் காணப்படும். வெள்ளெலி பெரும்பாலும் புன்செய்களிலும் மணற்பாங்கான தரிசுகளிலும் வளை தோண்டி வாழும். கரம்பை எலியின் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரமே. ஓர் ஈற்றில் பல குட்டிகள் போடுவதால், ஒரு ஜோடியை விட்டு வைத்தாலும் அறுவடைக்குள் கூட்டம் பெருகிவிடும். பயிர் பொதி கட்டும் பருவத்தில் அது தூர்களைச் சாய்வாகக் கடித்துத் தள்ளும். அவ்விதம் வெட்டுண்ட தூர் மீண்டும் தழைத்துக் கதிர் ஈனுவதற்குக் காலம் போதாது. கதிர் முற்றியபின் அதையே கத்தரித்து வளையில் சேமித்துக்கொள்ளும்.

பழைய வேட்டை முறை

முற்காலத்தில் அறுவடை முடிந்ததும் எலி வெட்டுவோர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வயலில் இறங்குவர். வளையின் வாய்களையெல்லாம் அடைத்து ஒன்றை மட்டும் திறந்து வைத்து, மண்கலயத்தில் வைக்கோலிட்டுக் கொளுத்தி, புகையை வாயால் உள்ளே ஊதுவர். திணறி வெளிவரும் எலியும், வளையிற் கிடைக்கும் நெல்லும் அவர்களுக்கே உரியவை. நிலக்காரருக்குச் செலவு சொற்பம். அடுத்த போகத்திற்கு வரப்பும் சுத்தம். ஆனால் புகை ஊதியவரின் கையும் வாயும் வெந்து, மார்பும் கெட்டது. செங்கற்பட்டுப் பகுதியில் இத்தொழிலில் தேர்ந்த இருளர்களுக்குக் கையாற் சுழற்றும் எஃகுப் புகைக்கருவி கிடைத்தது 2000-க்குப் பின்னரே.

இதனுடன் மூங்கில் வில்லால் ஆன தஞ்சாவூர்க் கிட்டியும் வழங்கி வந்தது. இரையைத் தேடித் தலையை நுழைக்கும் எலியைக் கயிறு இறுக்கிக் கொல்லும். இதில் விஷம் ஏதும் இல்லை.

நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதும் இப்பக்கத்து வழக்கமாயிருந்தது. கோம்பை, இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் இதற்குப் பெயர் பெற்றவை. ஆனால் அவ்வேட்டையில் முயலுடன் காட்டுப்பூனை, கீரி, நரி, உடும்பு ஆகியவையும் மடிந்தன. முயல் நீங்கலாக இவை யாவும் எலியைத் தின்பவை. அவற்றைக் கொன்றவர் தம் வயலின் காவலரையே கொன்றவராயினர்.

சட்டத்தின் நிலை

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டைக்கு முடிவு கட்டியது. மேற்கூறிய பிராணிகளையும் சாரைப்பாம்பையும் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். உடும்பு, புலியைப் போலவே முதல் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளது. எலியும் சுண்டெலியும் தீங்குயிர்கள் என ஐந்தாம் அட்டவணையில் இருந்தன. 2022-ஆம் ஆண்டின் திருத்தத்தால் அந்த அட்டவணை நீக்கப்பட்டது. எனினும், மேற்கூறிய வயல் எலிகள் வேறு எந்த அட்டவணையிலும் சேர்க்கப்படாததால், அவற்றை அழிப்பதற்குத் தடை ஏதும் இல்லை. திருவிழாக் காலத்தில் வேட்டைக்குப் புறப்படுவோருக்கு இதனைக் கிராம அதிகாரிகள் முன்கூட்டியே விளங்கச் சொல்வது நலம்.

விஷமும் அதன் விளைவும்

எலி வெட்டுவோர் குறைந்ததும் அவர்கள் இடத்திற்கு விஷம் வந்தது. துத்தநாக பாஸ்பைடு எலியின் இரைப்பையில் நச்சு வாயுவாக மாறி விரைவில் கொல்லும். ஆயினும் கொஞ்சம் தின்று பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. ஆதலால் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத இரையை வைத்துப் பழக்கிய பின்னரே, 49 பங்கு பொரி அல்லது அரிசியுடன் ஒரு பங்கு மருந்தைச் சிறிது எண்ணெய் விட்டுக் கலந்து வைத்தல் வேண்டும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகா வண்ணம் காத்தல் அவசியம். புரோமடியலோன் இரத்தம் உறையாமற் செய்து சில நாட்களில் கொல்லுவது. அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் கூகையும் சில வேளை மடியும். கூகை குறைந்தால் மறு வருஷம் எலி மிகும். மருந்துச் செலவும் மிகும். ஆகவே செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

நடவுக்கு முன் வரப்புகளை வெட்டிச் சீர்ப்படுத்தி, ஒன்றரை அடி அகலத்திற்கும் ஓரடி உயரத்திற்கும் மிகாமல் வைத்தால் எலி வளை தோண்ட இடம் குறையும். வாய்க்காற்கரைப் புல்லையும் போக்க வேண்டும். பயிர் இளமையாயிருக்கும்போதே கிட்டி வைத்தலும் வளை வெட்டுதலும் பயன் தரும்; கதிர் வந்தபின் வயலில் தீனி நிறைந்திருப்பதால் எலி இரையை நாடாது. வயலில் குறுக்குக் கட்டையுள்ள கழிகளை நட்டால் இரவில் ஆந்தையும் கூகையும் அமர்ந்து வேட்டையாடும். கதிர் முற்றும்போது தானியந் தின்னும் பறவைகள் அமராதபடி அவற்றை எடுத்துவிடலாம். கூகையின் குரலை அபசகுனம் என்று கருதிக் கல்லெறிவது குடியானவருக்கே நஷ்டம்.

யாவற்றிலும் முக்கியமானது ஒற்றுமை. ஒருவர் தம் நிலத்தில் மட்டும் எலியை ஒழித்தால், பத்து நாளில் அண்டை வயலின் எலி அங்கே குடியேறும். ஒரு மடையின் கீழுள்ள நிலக்காரர் அனைவரும் ஒரே வாரத்தில் இவ்வேலையைச் செய்ய வேண்டும். எலி வெட்டும் பழக்கமுள்ளவர் இன்னும் ஊரில் இருந்தால், வளை நெல்லுடன் நியாயமான கூலியும் கொடுத்து அவர்களை அமர்த்துவதே சிக்கனம். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் நாள் குறித்து முன்னின்றால், பொதி கட்டும் பருவத்திற்கு முன்பே எலித் தொல்லையைப் பெரிதும் அடக்கிவிடலாம்.