காணாமற்போன துணைக்கால்

எழுத்து ஒன்று குறைந்தால் பொருள் மாறிவிடும் என்பதை ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கற்பிக்கிறோம். அதே பாடத்தை எமக்குக் கணினி ஒன்று கற்பித்த கதையை ஈண்டுக் கூறப் புகுகிறேன். கெடாவின் தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் பலர் இப்போது தம் தேவைக்குச் சிறுசிறு நிரல்களைத் தாமே எழுதிக்கொள்கின்றனர். அவர்கட்கு இஃது உதவக்கூடும்.

கூலிம் பகுதி இளம் ஆசிரியர் ஒருவர், மதிப்பெண்களைப் பதிவதற்குப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதித் தந்தார். அவருடைய மேக் கணினியில் அது கண்ணுக்கு அழகாக இருந்தது. அதனை விண்டோஸ் கணினி ஒன்றில் ஏற்றினோம். ஆசிரியை ஒருவர் மாலை முழுதும் அமர்ந்து ஒரு வகுப்பின் மதிப்பெண்களைப் பதிந்தார். முடிவில், ‘எவ்வாறு வெளியேறலாம்?’ என்ற வினா திரையில் தோன்றிற்று. அதன் கீழ் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘சேமித்து’ என்றும், மற்றொன்றில் ‘சேமிக்க’ என்றும் இருந்தன. இரண்டும் சேமிப்பதையே சொல்கின்றன என்று எண்ணிய அம்மையார், கைக்கு அருகில் இருந்த இரண்டாவதை அழுத்தினார். பதிந்தவை அனைத்தும் போயின.

அப்பொத்தானில் நிரலாசிரியர் எழுதியிருந்த சொல் ‘சேமிக்காமல்’ என்பது. துணைக்காலும் அதன்பின் நின்ற இரண்டு எழுத்துகளும் பெட்டியின் வலப்புற எல்லைக்கு அப்பால் மறைந்துவிட்டன. இச்சொல்லில் மறுப்பைத் தாங்கி நிற்பது அந்த ஆகாரமே. எதிர்மறை இடைநிலைகளை எண்ணும்போது இலக்கணத்தார் ஆகாரத்தையும் சேர்த்தே எண்ணுவர். மலாயில் இவ்விடர் இல்லை. ‘ஜாங்கான் பாடாம்’ என்பதில் ‘வேண்டாம்’ என்னும் பொருள் முன்னே வந்துவிடுகிறது. வலப்புறம் வெட்டுண்டாலும் எச்சரிக்கை எஞ்சும். ‘அழிக்க வேண்டாம்’ என்பதை அவ்வாறு வெட்டினால் ‘அழிக்க’ என்பதே மிஞ்சும். ஆகவே, இடைமுகத்தில் எழுத்து வெட்டுண்பது பிறமொழியார்க்கு அழகுக் குறையாக இருக்கலாம்; நமக்கோ அது பொருட்பிழை.

இனி, பிழை எங்கே நேர்ந்தது என்று பார்ப்போம். பைத்தானோடு வரும் டிகின்டர் என்பது டிகே என்னும் கருவித்தொகுதியின் வாயில். டிகேயை உருவாக்கியவர் ஜான் ஔஸ்டர்ஹௌட். அது 1991இல் வெளிவந்தது. ஒரே நிரல் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஓடும் என்பது அதன் சிறப்பு. ஓடும் என்பது மெய். ஒரே தோற்றத்தோடு ஓடும் என்பதற்கில்லை.

எழுத்தின் அளவை நிரலில் 12 என்று கொடுத்தால், டிகே அதனை 12 அச்சுப் புள்ளி எனக் கொள்ளும். ஓர் அங்குலத்துக்கு 72 அச்சுப் புள்ளிகள். மேக் கணினியில் டிகே ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று கணக்கிட்டமையால், எழுத்து 12 பிக்சலாக வந்தது. விண்டோஸில் கணக்கு 96 என்பதால் அதே எழுத்து 16 பிக்சல் ஆயிற்று. நம் நண்பர் பொத்தானை வைத்ததோ ‘பிளேஸ்’ என்னும் முறையில், இத்தனை பிக்சல் அகலம் என்று அளந்து. எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெருத்தது. பெட்டி அவ்வாறே இருந்தது. இரு கணினிகளிலும் உள்ள தமிழ் எழுத்துருக்களின் அகலமும் ஒன்றன்று.

பழைய தோட்டத்து லயங்களை அறிந்தவர்கட்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. மூவர் உள்ள குடும்பத்துக்கும் ஒன்பது பேர் உள்ள குடும்பத்துக்கும் ஒரே அளவு அறை. மிகுந்தவர்கள் திண்ணையில் படுப்பர். எங்கள் துணைக்கால் படுத்த திண்ணை திரையில் தெரியவில்லை, அவ்வளவே.

திருத்த முனைந்தபோது முதலில் செய்தது, ஒவ்வொரு சட்டகத்துக்கும் வெவ்வேறு பின்னணி நிறம் கொடுத்தது. சிறுபிள்ளை வேலைபோல் தோன்றினாலும் இதனினும் விரைவான வழியை நான் கண்டதில்லை. எந்தப் பெட்டி எங்கே முடிகிறது, எது எதன்மேல் ஏறி நிற்கிறது என்பதெல்லாம் நொடியில் புலப்படும். அடுத்து, பொத்தான் வேண்டிய அகலத்தையும் அதற்குக் கிடைத்த அகலத்தையும் ஒப்பிட்டோம். ‘வின்ஃபோ ரெக்வித்’ முதலாவதைச் சொல்லும். ‘வின்ஃபோ வித்’ இரண்டாவதைச் சொல்லும். வேண்டியது பெரிது, கிடைத்தது சிறிது என்றால் அங்கே எழுத்து வெட்டுண்கிறது. சாளரம் வரையப்படுமுன் கேட்டால் இரண்டாம் வினாவுக்கு 1 என்றே விடை வரும். ‘அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ்’ என்னும் ஆணையை முன்னே இடவேண்டும் என்பது தெரியாமல் நாங்கள் ஒரு மாலைப்பொழுதை இழந்தோம்.

பின்னர்ப் ‘பிளேஸ்’ முறையை நீக்கி, ‘கிரிட்’ முறையைக் கொண்டோம். இதில் பெட்டியின் அகலத்தை அதனுள் இருக்கும் சொல்லே முடிவு செய்கிறது. ஆயினும் வெட்டு நீங்கவில்லை! காரணம், வெளிச் சாளரத்தின் அளவையும் நண்பர் பிக்சலில் கட்டிவைத்திருந்தார். அந்த வரியை எடுத்தபின்னரே உள்ளே இருந்தவை மூச்சுவிட்டன. சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது பெட்டிகளும் விரிய வேண்டுமானால், பத்திக்கு ‘வெயிட்’ என்பதை 1 ஆகவும், பெட்டிக்கு ‘ஸ்டிக்கி’ என்பதையும் தரவேண்டும். வெயிட் தொடக்கத்தில் சுழியம். ஒரே சட்டகத்துள் ‘பேக்’ முறையையும் ‘கிரிட்’ முறையையும் கலத்தலாகாது. பழைய பதிப்புகளில் இரண்டும் ஓயாது இழுபறி செய்து சாளரத்தை உறையச் செய்யும்; புதியவை பிழை என்று சொல்லி நின்றுவிடும்.

எழுத்தளவுக்கு −12 என்று குறியிட்டுக் கொடுத்தால் டிகே அதனைப் பிக்சலாகவே கொள்ளும், எங்கும் ஒன்றாக இருக்குமே என்று ஒருவர் யோசனை கூறினார். கூற்று சரிதான். ஆனால், நுண்திரைக் கணினியில் எழுத்து எறும்பாகிவிடும். என் வயதுடையவர்கட்கு அஃது உதவாது என்று மறுத்துவிட்டேன்.

பொத்தானின் அகலத்தை எழுத்தெண்ணிக்கையால் தரலாம் என்று நூல்கள் சொல்வதுண்டு. அங்கும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. டிகே அளவுகோலாகக் கொள்வது ‘0’ என்னும் எண்ணின் அகலம். ‘சேமிக்காமல்’ என்பதில் நம் கணக்கில் 6 எழுத்து. ஒருங்குறியில் 11 குறியீடு. ஆறு சுழியங்களின் அகலத்தில் ‘சே’யும் ‘கா’வும் அடங்கா. பதினொன்று கொடுத்தால் பொருந்தக்கூடும். எல்லாச் சொற்கும் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. எண்ணாமல் விடுவதே நலம்.

உயரத்தைக் கட்டினாலும் இவ்வாறே. வரியின் தலை வெட்டுண்டால் மெய்யின் புள்ளி போய்விடும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். ஏட்டில் எழுதினோர் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியை விட்டனர். படிப்போர் இடமறிந்து பொருள் கொண்டனர். அத்தகைய படிப்பாளிகளை முதலாம் ஆண்டு வகுப்பில் எதிர்பார்க்க இயலுமா?

எழுத்துருவும் குறியீடும் நமக்குப் போராட்டமாக இருந்த காலம் உண்டு. முத்து நெடுமாறன் இந்நாட்டில் முரசு அஞ்சலைத் தொடங்கியது 1985இல். தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது 2001இல். அவ்வுழைப்பின் பயனாக இன்று தமிழ் எழுத்து எந்தத் திரையிலும் வந்து அமர்கிறது. அமரும் இருக்கையை அளப்பது மட்டும் நிரல் எழுதுவோர் பொறுப்பாக நிற்கிறது.

எங்கள் நிரலை இப்போது புதிய கணினி எதில் ஏற்றினாலும், ‘சேமிக்காமல்’, ‘பதிவேற்றப்படவில்லை’, ‘ஒப்படைக்கப்படாதவை’ என்னும் மூன்று சொற்களைப் பொத்தான்களில் இட்டுப் பார்த்த பின்னரே பிறர் கையில் கொடுக்கிறோம். விண்டோஸிலும் மேக்கிலும் மூன்றும் முழுமையாக நின்றன. லினக்ஸில் வேறொரு தொல்லை: டிகே 8.6 அங்கே கொம்பை மெய்க்கு முன்னே கொண்டு நிறுத்துவதில்லை. ‘கெ’ என்பதில் ககரத்துக்குப் பின்னே கொம்பு நிற்கிறது. இதனைப் பெட்டியைப் பெரிதாக்கித் தீர்க்க இயலாது. எழுத்துகளைக் கோத்து வடிவமைக்க ஹார்ஃப்பஸ் என்னும் நூலகத்தைப் பயன்படுத்தும் கியூட்டி கருவித்தொகுதிக்கு நிரலை மாற்றுமாறு நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறையில் தொடங்குவதாகச் சொல்கிறார்.