ஆற்காட்டு நவாபின் முகம்: டில்லி கெட்டில் என்ற ஓவியர்

ஆரணிக்காரன் எழுதினால் பட்டைப் பற்றித்தான் எழுதுவான் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கு. இந்தக் குறிப்பு ஒரு லண்டன் ஓவியரைப் பற்றியது. ஆனால் அவர் வரைந்த ஆள் நமக்கு அந்நியர் இல்லை. ஒரு காலத்தில் இந்தச் சீமை முழுக்க ஆற்காட்டு நவாபுக்குக் கட்டுப்பட்டது. அந்த நவாப் முகமது அலி கான் வாலாஜா எப்படி இருந்தார் என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால், அதில் டில்லி கெட்டில் என்ற அந்த ஓவியருக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் நவாபைப் பார்த்துவிடலாம். அவர் பட்டத்துக்கு வந்த கதையில் நம்ம ஊரும் இருக்கு. 1751 டிசம்பரில் ஆரணிக்குப் பக்கத்தில் ராபர்ட் கிளைவ் ஒரு சண்டை போட்டான். எதிரே நின்றவர் சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப், அவரோடு பிரெஞ்சுக்காரர்கள். கிளைவ் ஜெயித்ததில் லாபம் அடைந்தவர் முகமது அலி. ஆரணி அப்போது மராட்டிய ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1762-ல் நவாபுக்கும் தஞ்சாவூர் ராஜாவுக்கும் கம்பெனி பேசி முடித்த உடன்படிக்கையில், ஆரணியைத் திருமலராவுக்குத் திருப்பிக் கொடுக்கணும் என்று ஒரு ஷரத்தே உண்டு. பெரிய இடத்துப் பஞ்சாயத்துகளில் நம்ம ஊர் இப்படி ஒரு வரியாக வந்து போகும்.

1763-ல் பாரிசில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டபோது, முகமது அலியே கர்நாடகத்தின் முறையான நவாப் என்று அந்த உடன்படிக்கையிலேயே எழுதினார்கள். இது அவருக்கு ஒரு தெம்பு. தன் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பது இங்கிலாந்து ராஜா. அப்படியென்றால் தான் ராஜாவுக்குச் சமமான ஆள். சென்னப்பட்டணத்துக் கம்பெனி கவர்னர் தனக்குக் கீழேதான். நவாப் இதைக் கடைசிவரை நம்பினார், அல்லது நம்புகிற மாதிரி நடந்துகொண்டார். ஆற்காட்டை விட்டு சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு, கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியேறியும் விட்டார். கையில் பணம்தான் இல்லை. கம்பெனியின் படைச்செலவு அவர் தலையில். அதைக் கட்டக் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பாதிப்பேர் அதே கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள், தனிப்பட்ட முறையில், கொழுத்த வட்டிக்கு!

இந்தச் சமயத்தில்தான், 1769-ல், கெட்டில் சென்னையில் வந்து இறங்குகிறார்.

சரி, யார் இந்த கெட்டில்? 1735-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் பூசிச் சித்திரம் எழுதுகிறவர். அதாவது, தொழில் வீட்டிலேயே இருந்தது. வில்லியம் ஷிப்லி நடத்திய ஓவியப் பள்ளியில் படித்தார். ஆக்ஸ்போர்டில் ஷெல்டோனியன் அரங்கத்தின் பழைய கூரைச் சித்திரத்தைப் பழுது பார்த்தார். ஊர் ஊராகப் போய் ஆட்களை வரைந்தார். கைத்திறமை இருந்தது. ஆனால் லண்டனில் அப்போது ரெனால்ட்ஸ் கொடி கட்டிப் பறக்கிறார். அவர் பாணியிலேயே வரைகிற இன்னொருவரைத் தேடி யார் வருவார்கள்? அதனால் கம்பெனியிடம் அனுமதி வாங்கிக் கப்பல் ஏறினார். பேர் சொல்லும்படியான இங்கிலீஷ் ஓவியர் இந்தியாவுக்குப் பிழைக்க வந்தது அதுதான் முதல் தடவை. ஜொஃபானி, ஹாட்ஜஸ், டேனியல் சித்தப்பாவும் அண்ணன் மகனும் எல்லாரும் இவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

நவாபுக்கு ஓவியர் பஞ்சமா என்ன? தக்காணத்திலும் தஞ்சாவூரிலும் நல்ல சித்திரக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வரைவது பெரும்பாலும் கையில் வைத்துப் பார்க்கிற அளவுள்ள படம். முகம் பக்கவாட்டில் இருக்கும். பார்க்கத் தெரிந்தவனுக்கு அதில் ஆயிரம் விஷயம் உண்டு. லண்டன் துரைக்கு அது ஒரு வேடிக்கைப் பொருள், அவ்வளவுதான். கெட்டில் வரைவது எண்ணெய் வர்ணத்தில், கித்தானில், ஆள் உயரத்துக்கு. ராஜாவின் படம் எந்த அளவில், எந்தத் தோரணையில் மாளிகைச் சுவரில் தொங்குமோ, அதே அளவு, அதே தோரணை. நவாபுக்கு வேண்டியது அதுதான். அவர் அனுப்பும் கடிதம் கம்பெனியைத் தாண்டி ராஜாவிடம் போகணும். கூடவே முகமும் போகணும். கெட்டில் வரைந்த நவாபும் ஐந்து மகன்களும் சேர்ந்த படம் 1771-ல் லண்டனில் ஓவியர் சங்கத்தின் கண்காட்சியில் தொங்கியது.

காலத்தையும் கவனியுங்க. 1770-ல் ராஜாவின் தனிப் பிரதிநிதியாக சர் ஜான் லிண்ட்சே சென்னைக்கு வருகிறார், கம்பெனியைக் கேட்காமல் நவாபிடமே நேராகப் பேச. கம்பெனிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். மறுவருஷம் ராஜா சார்பில் லிண்ட்சேவுக்கு பாத் விருதை அணிவித்தவரே நம்ம நவாப்தான்! ஒரு இங்கிலீஷ் வீரப்பட்டத்தை சேப்பாக்கத்தில் ஒரு முஸ்லிம் நவாப் சூட்டுகிறார். கெட்டில் தூரிகையோடு சென்னையில் இருந்தது சரியாக இந்த நாட்களில். அதனால் அவர் வரைந்த நவாப் படத்தை வெறும் 'போர்ட்ரெய்ட்' என்று பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அது ஒரு மனு. நானும் ராஜாதான் என்று சொல்லுகிற மனு.

அந்தப் படங்களில் ஒன்று இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நவாப் நேராக நிற்கிறார். தரை தொடுகிற மெல்லிய அங்கி, நகைகள், வாள். இணையத்தில் பெரிசுபண்ணிப் பார்த்தபோது, தறிக்காரர் வீட்டில் வளர்ந்த கண் முகத்துக்குப் போகவில்லை, துணிக்குத்தான் போனது. துணி எங்கே கனமாக விழுகிறது, எங்கே காற்றில் நிற்கிறது என்பதையெல்லாம் கெட்டில் பார்த்திருக்கிறார். லண்டனில் கைராசியுள்ள ஓவியர்கள் முகத்தை மட்டும் எழுதிவிட்டு, உடுப்பை அதற்கென்றே இருக்கும் கூலி ஓவியரிடம் தள்ளிவிடுவது வழக்கம். சென்னையில் கெட்டிலுக்கு அப்படி ஒரு ஆள் கிடைத்திருக்க வழியில்லை. மடிப்பு மடிப்பாக அவரே உட்கார்ந்து எழுதியிருக்கணும். ஆனால் பாவையும் ஊடையையும் அவர் பார்க்கவில்லை. அவருக்குத் துணி என்றால் அதன்மேல் விழுகிற வெளிச்சம். நெய்தவனுக்கு அப்படி இல்லையே.

இந்தப் படங்களுக்கான கூலி எங்கிருந்து வந்தது? நவாபின் கஜானா என்பது சீமையின் நிலவரிதான். கடன்காரர்களுக்கு ரொக்கம் இல்லாதபோது நவாப் அந்தந்தத் தாலுக்கா வசூலையே எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு நெல் அறுக்கும் முன்பே ஆட்கள் வந்து நிற்பார்கள். 1785-ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் எழுந்து ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசியது இந்தக் கொள்ளையைத்தான். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1782 ஜூனில், ஹைதர் அலியும் அயர் கூட்டும் மறுபடியும் ஆரணியில் மோதிக்கொண்டார்கள். வரி ஒருபக்கம், படை ஒருபக்கம். இந்தச் சீமையில் கலப்பையும் தறியும் வைத்திருந்தவன் எப்படிச் சமாளித்தான் என்பதை எந்தக் கித்தானும் காட்டாது.

கெட்டில் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1771-லேயே வடக்கே போய்விட்டார். பைசாபாத்தில் அவத் நவாப் ஷுஜா உத் தௌலாவை வில்லோடும் மகன்களோடும் வரைந்தார். அங்கே ஒரு சுவாரசியம்: மிஹிர் சந்த் என்ற உள்ளூர் ஓவியர் கெட்டிலின் எண்ணெய்ப் படங்களைப் பார்த்துச் சிறிய அளவில், தன் பாணியில், நகலெடுத்தார். நகல் என்று சொன்னாலும் சிலவற்றில் அசலைவிட உயிர் இருப்பதாக எனக்குத் தோன்றும். பிறகு கல்கத்தா. அங்கே வாரன் ஹேஸ்டிங்ஸ் முதல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி இம்பே வரை இவருக்கு முன் உட்கார்ந்தார்கள். இந்தியப் பெண் ஒருவரோடு வாழ்ந்ததில் ஆன், எலிசபெத் என்று இரண்டு மகள்கள்.

1776-ல் நல்ல பணத்தோடு இங்கிலாந்து திரும்பினார். மறுவருஷம் ஜேம்ஸ் பெய்ன் என்ற கட்டடக் கலைஞரின் மகள் மேரியைக் கல்யாணம் செய்துகொண்டார். லண்டனில் பணக்காரத் தெருவான ஓல்டு பாண்டு ஸ்ட்ரீட்டில் வீடு கட்டினார். ராயல் அகாடமியில் படங்களை வைத்தார். யாரும் சீந்தவில்லை. நவாபுகளுக்கு வேண்டியது லண்டன் பாணி. லண்டனுக்கோ அது ஏற்கெனவே வேண்டிய அளவு கைவசம் இருந்தது. இந்தியாவில் இவர் சம்பாதித்தது தூரம் கொடுத்த மதிப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ஊர் திரும்பியதும் அது கழன்றுபோனது. 1783 வாக்கில் திவாலாகி டப்ளினுக்குப் போனார், அங்கேயும் எழவில்லை.

1786-ல் மறுபடி இந்தியாவுக்கே கிளம்பினார், இந்தத் தடவை தரைவழியாக. சிரியாவில் அலெப்போ வரை வந்தார். பட்டு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அது. அங்கே ஒரு துருக்கிய ஜானிசரி வீரனை வரைந்தார். அதற்குப் பிறகு அவர் வரைந்ததாக எதுவும் இல்லை. அங்கேயோ, அதைத் தாண்டிய பாலைவன வழியிலோ இறந்திருக்கணும். வயது ஐம்பத்தொன்று. சேப்பாக்கத்தில் நவாப் அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் இருந்தார், அதே கடன்களோடு.