மல்லி வாசனை, கால் மசாஜ்... மூளை அலை நிஜமாவே மாறுமா? இ.இ.ஜி சொல்வது என்ன?

மல்லி, சாமந்தி விளையும் தருமபுரி மாவட்டத்தில், இண்டூர் பக்கம் பூ வாசனையும் புதுசு இல்லை. படுக்கும் முன் உள்ளங்காலில் எண்ணெய் தேய்ப்பதும் புதுசு இல்லை. இதையே அரோமாதெரபி, ஃபுட் மசாஜ் என்ற பெயரில் ஸ்பாக்கள் விற்கின்றன. 'மூளை அலையே மாறும்' என்ற விளம்பரம் வேறு. இதை அளக்க முடியுமா? வாங்க பார்க்கலாம்.

எப்படி அளக்கிறாங்க?

தலையில் சின்ன மின்முனைகளை ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வதுதான் இ.இ.ஜி. ஜெர்மனி மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனிதரிடம் இதை முதன்முதலில் பதிவு செய்தார். வலிப்பு நோயைக் கண்டறிய இன்றும் இந்தப் பரிசோதனைதான் உதவுகிறது. கண்ணை மூடி அமைதியாக இருந்தால் ஆல்ஃபா அலை (நொடிக்கு 8–13) கூடும். சுறுசுறுப்பாக யோசிக்கும்போது பீட்டா அலை (13–30) கூடும்.

வாசனைக்கு என்ன ரிசல்ட்?

1998-ல் அமெரிக்காவில் 40 பேரிடம் நடந்த ஆய்வில், லாவெண்டர் முகர்ந்தவர்களுக்கு பீட்டா கூடியது. 2012-ல் தாய்லாந்தில் 20 பேரிடம் சோதித்தபோது, அதே லாவெண்டருக்கு ஆல்ஃபாவும் தீட்டாவும் கூடின. அடுத்த ஆண்டு அங்கேயே மல்லி எண்ணெயைச் சோதித்தார்கள். தூக்கம் வரவில்லை, பீட்டா கூடி, உற்சாகமாக இருப்பதாகவே சொன்னார்கள்.

கால் மசாஜ்?

2012-ல் வெளியான எஃப்.எம்.ஆர்.ஐ ஆய்வு ஒன்று ஸ்வீடிஷ் மசாஜ், ரிஃப்ளெக்ஸாலஜி, ஒரு பொருளால் தேய்ப்பது, சும்மா ஓய்வெடுப்பது ஆகியவற்றை ஒப்பிட்டது. ஸ்வீடிஷ் மசாஜில் மட்டும் மூளையின் சில பகுதிகள் தனித்து இயங்கின.

அப்போ சிக்கல் எங்கே?

மாத்திரை ஆய்வில் நிஜ மாத்திரை எது, போலி எது என்று மறைக்கலாம். வாசனையையும் மசாஜையும் மறைக்க முடியாது. 'நல்லா இருக்கும்' என்ற எதிர்பார்ப்பே அலையை மாற்றலாம். கண் சிமிட்டினாலும், பல்லைக் கடித்தாலும்கூட கிராஃப் குழம்பும். அலை மாறுவது வேறு, நோய் குணமாவது வேறு.

யார் உஷாராக இருக்கணும்?

சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. சுடச்சுட எண்ணெய் தேய்த்தால் புண்ணாகிவிடும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் மசாஜ் கூடவே கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருங்க.

மற்றபடி, வீட்டில் இதமாகக் கால் பிடித்துவிட்டால் சுகம்தான். அதற்கு கிராஃப் காட்டி ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால், யோசிச்சுக் கொடுங்க.