பால் கறக்கும் எந்திரத்தில் தேய்ந்த பாகங்களை எப்போது மாற்றுவது?

திருவரங்கத்தையும் திருச்சி நகரையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. அதில் தேய்ந்துபோன இணைப்புகளையும் தாங்கிகளையும் மாற்றுவதற்காக 2022-23இல் பல மாதங்கள் போக்குவரத்தை நிறுத்தினார்கள். வண்டிகள் சுற்று வழியில் சென்றன. பால் பண்ணையில் அப்படி நிறுத்தி வைத்து வேலை பார்க்க வழியில்லை. காலையில் கறந்த பசுவை மாலையில் மீண்டும் கறந்தாக வேண்டும். தில்லை நகரில் வாடிக்கை வீடுகளுக்குப் பால் ஊற்றுபவராக இருந்தால், ஒரு வேளை தவறினாலும் வாடிக்கை போய்விடும். ஆகவே, தேய்ந்த பாகம் உடைந்து நிற்கும் வரை காத்திராமல், இரண்டு கறவைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் அதை மாற்றிவிட வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது ரப்பர் உறை

எந்திரம் என்றதும் மோட்டாரைத்தான் பலரும் கவனிக்கிறார்கள். ஆனால், பசுவின் காம்பைத் தொடுவது மோட்டார் அல்ல. லைனர் எனப்படும் ரப்பர் உறைதான். எஃகுக் குவளைக்குள் இருக்கும் இந்த உறை, நிமிடத்திற்குச் சுமார் 60 முறை விரிந்து சுருங்குகிறது. விரியும்போது பால் வருகிறது. சுருங்கும்போது காம்பு பிடித்துவிடப்படுகிறது. இதனால் காம்பின் நுனியில் இரத்தம் தேங்குவதில்லை.

நாளாக நாளாகப் பாலின் கொழுப்பும், கழுவும் வெந்நீரும், சோடாவும் ரப்பரைத் தளர்த்திவிடுகின்றன. தளர்ந்த உறை சரியாகச் சுருங்காது. காம்பு வீங்கும், கறவை நேரம் நீளும், மடியில் பால் மிஞ்சும். உறையின் உட்புறத்தில் விழும் நுண்ணிய வெடிப்புகளில் கிருமிகள் தங்கி, ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் பரவும். முடிவு மடிநோய். நோய் முற்றினால் மடியின் அந்தக் கால் பகுதி நிரந்தரமாக வற்றிப்போகவும் கூடும். நாலைந்து மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது தாங்க முடியாத நட்டம்.

கணக்கிடும் முறை

ரப்பர் உறையை 2,500 கறவைகளுக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்திற்கு ஒரு முறை, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஒரே தொகுதி உறைகளைக் கொண்டு 8 மாடுகளை இரு வேளையும் கறந்தால் நாளொன்றுக்கு 16 கறவை. 2,500ஐ 16ஆல் வகுத்தால் 156 நாள், அதாவது ஐந்து மாதத்திற்குச் சற்றுக் கூடுதல். 10 மாடுகள் என்றால் 125 நாள். 5 மாடுகள் என்றால் 250 நாள் வரும். ஆனால் ரப்பர் வயதாலும் கெடுவதால், ஆறு மாதத்திலேயே மாற்றிவிடுங்கள். மாற்றிய நாளைத் தொழுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

உறையின் உட்புறம் சொரசொரப்பாகவோ, வாய் வட்டம் கோணலாகவோ இருந்தாலும், கறக்கும்போது சீறல் ஒலியுடன் குவளை நழுவினாலும், சாதுவான பசு காலை உதைத்தாலும், கணக்குப்படி நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாற்றும் முறை

1. எந்திரத்தின் தயாரிப்புக்கும் குவளைக்கும் பொருத்தமான உறைகளையே வாங்குங்கள். ஒரு தொகுதியைக் கையிருப்பாக, வெயிலும் மோட்டார் சூடும் படாத இடத்தில் வையுங்கள்.

2. காலைக் கறவை முடிந்ததும் வேலையைத் தொடங்குங்கள். நான்கு உறைகளையும் ஒருசேர மாற்றுங்கள். கிழிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் நான்கு காம்புகளிலும் கறவை சீராக இராது.

3. உறை குவளைக்குள் முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கட்டும். பால் செல்லும் குழாய்களையும், வாளி மூடியின் ரப்பர் வளையத்தையும் அப்போதே பார்த்து, வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

4. எந்திரத்தை ஓட்டி, வெற்றிட அளவு தயாரிப்பாளர் சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள். வாளி வகை எந்திரங்களில் இது பொதுவாக 40 முதல் 50 கிலோபாஸ்கல் வரை இருக்கும். உறைக்குள் கட்டைவிரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ துடிப்புக் கருவியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

5. பம்பின் எண்ணெய் அளவையும் பெல்ட்டையும் வாரம் ஒரு முறை பாருங்கள். மின்சாரம் நின்றால் கைகொடுப்பது கைக்கறவைதான். வீட்டில் ஒருவராவது அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

கையால் கறப்பவர்களுக்கு

எந்திரம் இல்லாதவர்களும் பால் கேனைக் கவனிக்க வேண்டும். நசுங்கி, இணைப்பில் குழி விழுந்த கேனுக்குள் தூரிகை எட்டாது. அங்கே படியும் பால் கறையில் கிருமிகள் பெருகி, புதிய பாலையும் புளிக்க வைக்கும். அத்தகைய கேனுக்குச் சாயம் பூசி அடையாளமிட்டு, தண்ணீர் எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

மடியைச் சோதியுங்கள்

உறையை மாற்றியதோடு நின்றுவிடாமல், மாதம் ஒரு முறை மடியையும் சோதித்துப் பாருங்கள். 1957இல் அமெரிக்காவில் உருவான கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை எளிதானது. நான்கு குழிகள் உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாகக் கறந்து, அதே அளவு சோதனைத் திரவம் சேர்த்துச் சுழற்ற வேண்டும். எந்தக் குழியில் பால் கூழ்போல் திரிகிறதோ அந்தக் காம்பில் நோய் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். உடனே கால்நடை மருத்துவரை அணுகுங்கள்.

நாள் குறித்து உறையை மாற்றுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். வற்றிய மடியை மீட்க எந்தக் கடையிலும் உதிரிப் பாகம் கிடைக்காது.