இரண்டு அட்டைகள், ஒரே பட்டியல்

ஹைதராபாத் நகரில் மெட்ரோ ரயில் 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓடத் தொடங்கியது. அதன் இரு பாதைகள் சந்திக்கும் அமீர்பேட்டை, நிரல் எழுதக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் பெயர் பெற்றது. அங்குப் பயிலும் மாணவர் ஒருவர், பிரயாண அட்டைக்கான நிரல் ஒன்றை எழுதுவதாகக் கொள்ளலாம்.

இத்தகைய நிரலுக்கு அடிப்படை 'கிளாஸ்' என்னும் அமைப்பாகும். பாடநூல்கள் இதனை இனக்குழு என வழங்குகின்றன. இனக்குழு, பாத்திரம் வார்க்கும் அச்சைப் போன்றது. அதிலிருந்து வெளிவரும் பாத்திரங்களே 'பொருள்கள்' எனப்படும். 1960-களில் நார்வே நாட்டு அறிஞர்களான ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் அமைத்த சிமுலா மொழியில் இக்கருத்து உருப்பெற்றது. ஜாவா, பைத்தான் முதலிய மொழிகள் இதனை ஏற்றுக் கொண்டன.

ஒவ்வோர் அட்டைக்கும் இருப்புத் தொகையும் பிரயாணப் பட்டியலும் வேண்டும். பைத்தானில் எழுதும் மாணவர் இவ்விரண்டையும் இனக்குழுவின் தொடக்கத்திலேயே எழுதிவிடுவதுண்டு. இதுவே முதற்பிழை. இனக்குழுவின் வரையறை ஒரே முறைதான் இயக்கப்படுகிறது. ஆகவே ஒரே ஒரு பட்டியல்தான் உண்டாகிறது. நூறு அட்டைகளை உருவாக்கினாலும் அவை யாவும் அதனையே சுட்டும். முதல் அட்டைக்காரர் மியாப்பூர் சென்றால், வீட்டைவிட்டு நகராத இரண்டாம் அட்டைக்காரரும் மியாப்பூர் சென்றதாகக் கணக்குக் காட்டும்.

இப்பிழை எளிதில் புலப்படாமைக்குக் காரணம் உண்டு. இருப்புத் தொகையை அதே இடத்தில் எழுதினாலும் விடை சரியாகவே வரும். 200 ரூபாயிலிருந்து ஓர் அட்டையின் வழியாக 30 ரூபாயைக் கழித்தால், 170 என்ற புதிய எண் அவ்வட்டைக்கு மட்டும் உரியதாகச் சேமிக்கப்படுகிறது. பிற அட்டைகள் 200-லேயே நிற்கும். பட்டியலிலோ புதிய பொருள் ஏதும் பிறப்பதில்லை. பொதுவாக உள்ளதன் கடைசியில் ஒரு வரி சேர்கிறது. தொகை சரியாயிருக்கக் கண்ட மாணவர், பட்டியலும் சரியென்றே நம்பிவிடுகிறார்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே உரியவற்றை 'ஆக்கி' என்னும் பகுதியினுள், 'செல்ஃப்' என்ற சொல்லுடன் சேர்த்து எழுதுவதே பரிகாரம். பொருள் பிறக்குந்தோறும் ஆக்கி இயங்குவதால், புதிய பட்டியலும் உடன் பிறக்கும். ஆனால் ஆக்கியின் தலைப்பு வரியில் வெற்றுப் பட்டியலை இயல்பு மதிப்பாக வைத்தால், பழைய பிழையே திரும்பி வரும். குறைந்தபட்சக் கட்டணம் போன்று எல்லா அட்டைகளுக்கும் பொதுவானவற்றையே இனக்குழுவின் மட்டத்தில் வைத்தல் தகும்.

இருப்புத் தொகையை நிரலின் எப்பகுதியும் நேராக மாற்ற இடமளிப்பது இரண்டாம் பிழை. தொகை பூஜ்யத்திற்குக் கீழே இறங்கினாலும் அப்போது தடை இராது. கட்டணம் கழிப்பதற்கென ஒரு செயற்கூறு அமைத்து, போதிய தொகை உள்ளதா என அது சோதித்த பின்னரே கழிக்குமாறு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, மரபுரிமத்தைப் பொருந்தாத இடத்தில் கையாளுதல். மாணவர் சலுகை அட்டை ஒருவகை அட்டையே. எனவே அட்டை இனக்குழுவின் பண்புகளை அது மரபாகப் பெறலாம். பிரயாணியோ அட்டையை உடையவர். அவரே அட்டை ஆகார். 'இது அதன் ஒரு வகையா, அல்லது அதனை உடையதா?' என்று வினவின் ஐயம் நீங்கும்.

நிரலை ஒரே ஓர் அட்டையைக் கொண்டு சோதித்தால் முதற்பிழை ஒருபோதும் வெளிப்படாது. இரண்டு அட்டைகளை உருவாக்கி, ஒன்றில் மட்டும் பிரயாணத்தைப் பதிவு செய்து, மற்றொன்றைப் பார்த்தல் வேண்டும். இரண்டே நிமிஷச் சோதனை, ஒருவர் கணக்கு மற்றவர் தலையில் ஏறாமல் காக்கும்.